சுரைக்காய் வட்டம்: காய்கறிப் பங்குத் திட்டத்தில் சேர்ந்த குடும்பங்கள் குறித்த ஓர் ஆய்வேடு

ஆய்வுப் பொருளும் எல்லையும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நெடுங்காலமாக நிறுவப்பட்ட உண்மை. கறிக்கு வந்த சுரைக்காய் ஏட்டுக்கு உதவுமா என்பதை ஆராய்ந்தார் எவரும் இலர். அக்குறையை நிரப்பவே இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது. இதற்கான நல்கை எந்தப் பல்கலைக்கழகத்திடமிருந்தும் பெறப்படவில்லை. பருவம் முழுமைக்குமான சந்தாவை முன்பணமாகக் கட்டியவர் ஆய்வாளரின் துணைவியார். ஆகவே முடிவுகளில் அன்னாரின் செல்வாக்கு இருக்கக்கூடும் என ஐயுறுவோர் தாராளமாக ஐயுறலாம்.

ஆய்வுக் களம், தென்சென்னைப் புறநகரில் உள்ள நான்கு மாடி அடுக்ககம் ஒன்று. காய்கள் வருவது செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்துக்கு அப்பால் ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் விளைவிக்கும் ஒரு பண்ணையிலிருந்து. சனிக்கிழமை காலையில் வாசலில் வந்திறங்கும் பெட்டி இவ்வாய்வின் முதன்மைச் சான்று. அதைத் திறந்ததும் வீட்டார் சொல்வன துணைமைச் சான்று. துணைமைச் சான்றுகளில் அச்சிடத் தகாதவை நீக்கப்பட்டுள்ளன. கால எல்லை, ஆடிப் பட்டத்தில் விதைத்த கொடி புரட்டாசியில் காய்க்கத் தொடங்கியதிலிருந்து மழை ஓய்ந்தது வரை.

திட்டத்தை அறியாதவர்க்கு ஒரு விளக்கம். பருவத் தொடக்கத்திலேயே குடும்பங்கள் பண்ணைக்குப் பணம் கட்டிவிடுகின்றன. விதைக்கும் கூலிக்கும் அப்பணம் போகிறது. பிறகு வாரந்தோறும் விளைந்ததில் ஒரு பங்கு வீட்டுக்கு வரும்; எது வரும், எவ்வளவு வரும் என்பதைக் கட்டியவர் தீர்மானிப்பதில்லை. மழையும் பூச்சியும் மண்ணும் கூடித் தீர்மானிக்கும். விளைந்தால் நிறைய, பொய்த்தால் குறைய. உழுதவர் தலையில் மட்டும் இறங்கிவந்த நட்டத்தை உண்பவரும் ஒரு கை பிடிப்பது என்பதே கொள்கை.

முன்னாய்வுகள்

இத்துறையின் முன்னோடிகள் ஜப்பானியர். தொழிற்சாலைக் கழிவாலும் பூச்சிமருந்தாலும் அந்நாடு அஞ்சிக் கிடந்த காலம். 1971-இல் இச்சிராகு தெருவோ முன்னின்று ஜப்பான் இயற்கை வேளாண்மைச் சங்கத்தைத் தொடங்கினார். 1974-இல் அரியோஷி சவாகோ என்ற நாவலாசிரியை நச்சுக் கலப்பைப் பற்றி ஆசாஹி நாளிதழில் தொடர் எழுதத் தொடங்கியதும் நகரத்து இல்லத்தரசிகள் விழித்துக்கொண்டனர். அவர்கள் உழவர்களோடு நேரடியாகச் செய்துகொண்ட ஏற்பாட்டுக்கு டெய்கெய் என்று பெயர். 1978-இல் இதற்குப் பத்து நெறிகள் வகுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று நம் ஆய்வுக்கு உயிர்நாடி: திட்டமிட்டு விளைவித்ததை எல்லாம் உண்பவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். எல்லாம் என்றால் எல்லாம். இந்நெறியை எழுதியவர்கள் சுரைக்காயை மனத்தில் வைத்து எழுதினார்களா என்பதற்குச் சான்றில்லை.

அதே 1978-இல் ஜெனீவாவிலும், 1986-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களிலும், 2001-இல் பிரான்சின் தென்பகுதியிலும் இம்முறை வேர்விட்டது. நியூ ஹாம்ப்ஷயர்ப் பண்ணையின் நடைமுறை சற்று நின்று பார்க்கத் தக்கது. ஆண்டுச் செலவு இவ்வளவு என்று உழவர்கள் கூட்டத்தில் வைத்துவிடுவர். ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதைச் சொல்வர். தொகை எட்டும்வரை சுற்று தொடரும். நம் ஊர்த் திருவிழாவில் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி வைத்து, கொடுக்காதவன் பெயரை ஒலிபெருக்கியில் வாசித்துவிடுவோம். அங்கே ஒலிபெருக்கி இல்லாமலேயே தொகை சேர்வதாகக் கூறுகின்றனர். இது மேலும் ஆராயத்தக்கது.

தமிழகத்தில் 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இடைத்தரகரை நீக்கியது. ஆனால் அங்கே விற்காத காயை உழவரே திரும்பச் சுமந்து போகவேண்டும். நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து இயற்கை வேளாண்மை பேசியதன் பயனாக விளைவிப்போர் பெருகினர். உண்போரை ஒரு கயிற்றில் கட்டுவது பிந்திதான் நடந்தது. ஆயினும் இக்கொள்கையின் எலும்புக்கூடு நமக்குப் புதிதன்று. குத்தகை என்பது மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் நிலக்காரருக்கு அளக்க வேண்டிய அளவு. வாரம் என்பது விளைந்ததில் பங்கு. விளையாவிட்டால் இருவருக்கும் பட்டினி. பெட்டிக்குப் பணம் கட்டிய நகரத்தார் ஒரு சென்ட் நிலமும் இல்லாமல் வாரக்காரராகிவிட்டனர். இதைத் தாங்கள் கையெழுத்திட்டபோது அறிந்திருந்தீர்களா என்று தகவலாளிகளைக் கேட்டோம். "ஃப்ரெஷ்ஷா இருக்கும்னு சொன்னாங்க சார்" என்பதே பெரும்பான்மை விடை.

இம்முன்னாய்வுகள் அனைத்தும் ஓரிடத்தில் வந்து நின்றுவிடுகின்றன. காய் வீட்டு வாசலை அடைந்ததும் அறிஞர்கள் கைதட்டிவிட்டுக் கலைந்துவிடுகின்றனர். அதன்பின் அக்காய்க்கு என்ன ஆனது? வாசலுக்கு இப்பால் ஆய்வு இருண்டு கிடக்கிறது. அவ்விருளில்தான் சுரைக்காய் இருக்கிறது.

வழக்கிழந்த கலைகள்

திட்டத்தில் சேர்ந்த குடும்பம் முதலில் உணர்வது வரவை அன்று, இழப்பை. தள்ளுவண்டியின் முன் நின்று தமிழர் பயின்றுவந்த நுண்கலைகள் பல. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பது. ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். ஒடித்ததை எடுக்காமல் ஒடிக்காததை எடுப்பது இக்கலையின் உச்சம். தேங்காயைத் தட்டிக் காதருகே வைத்து ஆட்டுவது. கத்திரிக்காயின் காம்பைப் பார்த்து அது பறித்த நாளைக் கணிப்பது. சுரைக்காயின் மேல் கட்டைவிரல் நகத்தை ஊன்றுவது. நகம் இறங்கினால் இளசு. பெட்டியில் வருவது ஏற்கெனவே நம்முடையது. எனவே ஒடிப்பதும் ஊன்றுவதும் பொருளற்றவை. ஆயினும் ஆய்வாளரின் மாமியார் ஒவ்வொரு சனியும் பெட்டியிலிருந்த வெண்டையை ஒன்று விடாமல் ஒடித்துப் பார்த்ததைக் களப்பணியில் கண்டோம். "முத்தலா இருந்தா என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டதற்கு, "தெரிஞ்சுக்க வேண்டாமா மாப்ளே?" என்றார். அறிவுக்காகவே அறிவைத் தேடும் இம்மனநிலை பல்கலைக்கழகங்களில் அருகிவிட்டது.

பேரம் போயிற்று. அதை மறக்கலாம். மறக்க முடியாதது கொசுறு. கறிவேப்பிலையும் ஒரு கொத்து மல்லியும் காசில்லாமல் பையில் விழும்போதுதான் வாங்கல் நிறைவெய்தும். விலை என்பது காய்க்கு. கொசுறு என்பது ஆளுக்கு. பண்ணைப் பெட்டியில் கறிவேப்பிலை உண்டு, அதுவும் பூச்சிமருந்து படாதது, ஆனால் பட்டியலில் எடை போட்டு வருகிறது. எடை போட்ட கறிவேப்பிலை கொசுறாகாது. உழவரின் இன்பதுன்பத்தில் பங்கேற்கப் பருவம் முழுமைக்கும் முன்பணம் கட்டிய துணைவியார், அதே வாரத்தில் தெருமுனைப் பூக்காரம்மாவிடம் போய், தேவையே இல்லாத எலுமிச்சம்பழம் இரண்டு வாங்கி, கறிவேப்பிலையைக் கேட்டு வாங்கிவந்ததைப் பதிவு செய்கிறோம்.

தரச்சான்று குறித்து ஒரு சொல். இயற்கை விளைபொருளுக்கு நடுவண் அரசின் திட்டம் 2001 முதல் உண்டு. கோவையில் தமிழக அரசின் சான்றளிப்புத் துறை உண்டு. உழவர்களே ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதியளிக்கும் முறையும் உண்டு. இவை எதுவும் ஆய்வுக் களத்தில் செல்லுபடியாகவில்லை. அங்கே ஏற்கப்படும் ஒரே சான்று கத்திரிக்காய்க்குள் இருக்கும் புழு. புழுவைக் கண்டதும் வீடே மகிழ்கிறது; "பாத்தியா, மருந்தே அடிக்கல" என்று ஒருவர்க்கொருவர் காட்டிக்கொள்கின்றனர்; பிறகு அக்காயைத் தூக்கி எறிகின்றனர். மருந்துக்குப் பழகி, அடிக்க அடிக்கப் பிழைத்துக் கிடக்கும் காய்ப்புழுக்களும் உண்டு என்று பூச்சியியலார் கூறுவதை எடுத்துச் சொன்னோம். அவையில் யாரும் செவிமடுக்கவில்லை.

சுரைக்காயின் இயல்பு

இனி ஆய்வின் நடுப்பகுதிக்கு வருவோம். பெட்டியில் வரும் காய்களைச் சமாளிக்கத்தக்கவை, சமாளிக்கத்தகாதவை என இருவகையாகப் பகுக்கலாம். முள்ளங்கியைச் சாம்பாரில் மறைக்கலாம். கொத்தவரையை வற்றல் போடலாம். கீரை தானாகவே வாடி இல்லாதொழியும். சுரைக்காய் மறைவதுமில்லை, வாடுவதுமில்லை. குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் குறுக்கே கிடந்தால் கதவு மூடாது. நெட்டுக்கு நிறுத்தினால் பால் பாக்கெட்டுக்கு இடமிராது. நூற்றுக்குத் 90 பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு காயைக் கூட்டு வைத்தால் ஒருவேளை முடியும், காய் முடியாது. மறுநாள் தோலைத் துவையல் அரைக்கலாம். மூன்றாம் நாள் அடைமாவில் சீவிப் போடலாம். நான்காம் நாள் அல்வா என்று துணைவியார் சொன்னபோது பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குப் போகிறோம் என்றனர். பாட்டி இங்கேதான் இருக்கிறார் என்பதை நினைவூட்ட வேண்டியிருந்தது.

இவ்வளவு ஏன் வருகிறது? பண்ணைக்காரரைக் கேட்டோம். "சுரைக்கொடி பறிக்கப் பறிக்கத்தாங்க காய்க்கும். ரெண்டு காய முத்த விட்டா, விதை ஆயிடுச்சுன்னு கொடி ஓஞ்சுடும். அதனால ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிச்சே ஆகணும்" என்றார். அதாவது சுரைக்காய் நம் வீட்டுக்கு வருவது நாம் உண்பதற்காக மட்டுமன்று. கொடி தன் கடமை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாமல் இருப்பதற்காகவும். கத்திரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்தாக வேண்டும் என்பது பழைய பொருளாதாரம். புதிய பொருளாதாரத்தில் சுரைக்காய் முற்றுவதற்கு முன்பே, கடைத்தெருவைத் தவிர்த்து, நேராக மூன்றாம் மாடியில் உள்ள நம் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

வெட்டியதும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்க்கும் பாட்டிகளின் வழக்கம் மூடநம்பிக்கை அன்று. மிகக் கசக்கும் சுரைக்காயில் குக்குர்பிட்டசின் என்னும் நஞ்சு மிகுந்திருக்கும். அதன் சாற்றைக் குடித்து நம் நாட்டில் உயிரிழந்தோரும் உண்டு. கசந்தால் யாருக்கும் கொடுக்காமல் குப்பையில் போடவேண்டும். இவ்வாய்வேட்டில் நகைக்கு இடமில்லாத பத்தி இது ஒன்றே.

ஆப்பிரிக்காவில் தோன்றிய இக்காய், உலர்ந்த ஓட்டோடு கடலில் மிதந்து, மனித உதவியின்றியே அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கக் கண்டத்தில் கரையேறியதாக மரபணு ஆய்வாளர்கள் கூறுகின்றனர். அத்தகைய காய், மூன்றாம் மாடியிலிருந்து நான்காம் மாடிக்குப் போவதற்கு நம்மை எதிர்பார்த்துக் காத்திருந்தது.

வட்டம்

போலந்தில் பிறந்த மானிடவியலார் மலினோவ்ஸ்கி, பசிபிக் கடலின் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்து 1922-இல் நூல் வெளியிட்டார். அத்தீவினர் சிப்பிக் கழுத்தணிகளைக் கடிகாரச் சுற்றிலும் சிப்பிக் கைவளைகளை எதிர்ச்சுற்றிலும் தீவு தீவாகக் கொடுத்துக்கொண்டே இருப்பர். யாரும் எதையும் நிலையாக வைத்துக்கொள்ள மாட்டார்கள். இதற்குக் கூலா என்று பெயர். பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-இல் இதற்கு விளக்கம் எழுதினார்: கொடுப்பது கடமை, ஏற்பது கடமை, திருப்புவது கடமை. மலினோவ்ஸ்கி தென்சென்னைக்கு வந்திருந்தால் தீவுகளில் அலைந்திருக்க வேண்டியதில்லை.

நம் அடுக்ககத்தில் சுரைக்காய் மாடி ஏறும். பாத்திரம் மாடி இறங்கும். துணைவியார் ஒரு முழுக் காயை எதிர்வீட்டு மாமியிடம் கொடுத்தார். மாமி அதில் பாதியை நான்காம் மாடிக்கு அனுப்பினார். மீதியைப் பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தார். துணைவியார் எப்போதோ பாயசம் கொடுத்தனுப்பிய தூக்கு ஒன்று மாமியிடம் இருந்தது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பது நம் வழக்கம். மோஸ் நீண்ட கட்டுரையாக எழுதியதை நம் மாமிகள் ஒரு தூக்கில் அடக்கிவிட்டனர். தூக்கு நிறையக் கூட்டு வந்தது. கொடுத்த காய் வெந்து, தாளித்து, புறப்பட்ட வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

முழுக்காய்களின் பயணத்தைத் தடம்பற்றுவது கடினமாகவே இருந்தது. சிக்கலைத் தீர்த்தது மாமியாரின் நகக்குறி. அவர் ஒவ்வொரு காயிலும் காம்புக்குக் கீழே பிறைவடிவில் ஒரு குறி இட்டிருந்தார். கல்வெட்டாய்வாளர் எழுத்தமைதி கொண்டு காலம் கணிப்பது போல, குறியின் கருமை கொண்டு காயின் வயதைக் கணித்தோம். அவ்வகையில், ஒரு சனியன்று வந்து மாடியேறிய காய் ஒன்று, அடுத்த வெள்ளியன்று தரைத்தளத்துப் பாட்டியின் கையால், "ஊர்லேருந்து தம்பி கொண்டாந்தான், உங்களுக்குன்னு எடுத்து வச்சேன்" என்ற வாசகத்தோடு நம் வீட்டுக்கே திரும்பியது உறுதியாயிற்று. ஏற்பது கடமை. ஏற்றோம்.

வீட்டுவேலைக்கு வரும் அக்கா இவ்வட்டத்தின் எல்லையைத் துல்லியமாக வரைந்தார். "வேணாங்கா. ரெண்டாவது மாடில குடுத்தாங்க, நாலாவதுல குடுத்தாங்க, இப்ப நீங்களுமா? எங்க வீட்டுக்காரரு சுரைக்காயப் பாத்தா வெளியூர் வேலைக்குப் போறேங்கறாரு." காவலாளி அண்ணனோ திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். "எங்க ஊர்ல கூரை மேல காய்ச்சுக் கெடக்கும் சார். இத காசு குடுத்தா வாங்குனீங்க?" என்றவர், முன்பணமாகக் கட்டினோம் என்பதை அறிந்தபின் சிறிதுநேரம் எதுவும் பேசவில்லை. காயை மட்டும் வாங்கிக்கொண்டார்.

வட்டத்தை உடைத்தவர் நான்காம் மாடியின் வடகோடி வீட்டு அக்கா. காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவர். சுரைக்காயை அவர் இறாலோடு சேர்த்துத் தொக்காகச் சுண்ட வைப்பார். அவ்வீட்டுக்குள் போன காய் எதுவும் திரும்பி வந்ததாகப் பதிவில்லை. மேலும் வேண்டும் என்று கேட்டு அனுப்பிய ஒரே வீடும் அதுதான். புரட்டாசி மாதத்தில் மட்டும் அங்கே இறால் இல்லை. வட்டம் அடைபட்டுக் காய்கள் படிக்கட்டில் தேங்கியதற்கு இதுவே காரணம் என்று இப்போது விளங்குகிறது.

இதிலிருந்து இவ்வாய்வு எட்டும் முடிவைச் சொல்லிவிடலாம். பண்ணையைத் தாங்கும் சமூகம் என்று சொல்லப்படுவது சந்தா கட்டியவர்களால் ஆனதன்று. நாம் பணத்தைத்தான் தாங்குகிறோம். விளைச்சலைத் தாங்குபவர்கள் கட்டாதவர்கள்: மாமி, தரைத்தளத்துப் பாட்டி, காவலாளி அண்ணன், வேண்டாம் என்று சொல்லியும் பையில் ஒன்று போட்டுக்கொண்டு போன அக்கா. உழவரின் அபாயத்தை நாம் பகிர்ந்துகொண்டோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டு, மிஞ்சியதை ஓசையின்றி மாடிப்படிக்குத் தள்ளிவிட்டோம். அவர்கள் எந்தப் படிவத்திலும் கையெழுத்திடவில்லை.

மறுப்பும் விடையும்

மிகுதியைத்தானே ஆராய்ந்தீர், குறைவு வந்தபோது என்ன ஆயிற்று என்று வினவலாம். தக்க வினா. ஐப்பசியில் மழை பிடித்தது. கீரை அழுகிற்று; வெண்டை நின்றுவிட்டது; வெளியே தக்காளி விலை ஏறிக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப் குழுவில் சந்தாதாரர் ஒருவர், பணம் கட்டியாயிற்றே, தக்காளி எங்கே என்று கேட்டார். பண்ணைக்காரர் குரல்பதிவு அனுப்பினார்: "தக்காளி பூரா தண்ணில நிக்குதுங்க. பந்தல்ல சுரைக்கொடி மட்டும் நிக்குது." அந்த வாரம் பெட்டியில் சுரைக்காய் ஒன்றும் ஒரு பிடி பச்சைமிளகாயும் இருந்தன. குழுவில் சிலர் கட்டைவிரல் காட்டினர், சிலர் விலகினர். விலகியவர்கள் குத்தகைக்காரர்கள், தவறிப்போய் வாரத்துக்கு வந்துவிட்டவர்கள் என்றே கொள்ள வேண்டும்.

அதற்கடுத்த வாரம் பெட்டியே வரவில்லை. மாமி கதவைத் தட்டி, "என்னடி, இந்த வாரம் ஒண்ணும் இல்லையா?" என்றார். காவலாளி அண்ணனும் கேட்டார். வீட்டுவேலைக்கு வரும் அக்காவும் கேட்டார், சற்று நிம்மதியோடு. பண்ணையில் வெள்ளம் புகுந்த செய்தி இவ்வாறாகச் சந்தா கட்டாத நால்வருக்கும் அன்றே தெரிந்துவிட்டது. "அந்தத் தம்பிக்கு ரொம்ப நஷ்டமா?" என்று கேட்டவர் தரைத்தளத்துப் பாட்டி. சந்தாதாரர் குழுவில் அக்கேள்வி அன்று எழவில்லை.

மேலாய்வுக்கு உரியன

கொசுறை மீட்பது குறித்துத் தனி ஆய்வு தேவை. பண்ணைக்காரரிடம் கறிவேப்பிலையைப் பட்டியலிலிருந்து நீக்கி, அதன் விலையைச் சந்தாவிலேயே சேர்த்துவிட்டு, இலையை மட்டும் காசில்லாததுபோல் மேலே போட்டு அனுப்பும்படி பரிந்துரைத்தோம். சிரித்தார், ஆனால் மறுவாரமே செய்தார். துணைவியார் பூக்காரம்மாவிடம் எலுமிச்சை வாங்குவதை நிறுத்தியிருக்கிறாரா என்பது கண்காணிப்பில் உள்ளது. இங்கிலீஷ் காய் இல்லாத பெட்டியைத் திதிச் சமையலுக்கு உகந்தது என்று விளம்பரம் செய்யலாமா என்பதும் ஆராயத்தக்கது. மாமி இதற்குத் தலைமையேற்க இசைந்துள்ளார்.

தைப் பட்டத்துக்கான சந்தா கட்டியாயிற்று. பந்தலில் இம்முறை புடலை என்று செய்தி வந்திருக்கிறது. நான்காம் மாடி அக்காவிடம், புடலங்காயோடு இறால் சேருமா என்று கேட்டு வைத்திருக்கிறோம். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.